காயத்தோடு எவரையும் திடலுக்கு அழைக்காதீர்கள்: பினாங்குக் காற்பந்து ஆதரவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய பினாங்கு ஆதரவாளர்களே,

வணக்கம். வரும் வாரம் ஜொகூர் டாருல் தாக்சிம் அணி நம் சிட்டி ஸ்டேடியத்துக்கு ஆட வருகிறது. இந்தப் பருவத்தில் நமக்கு இருக்கும் ஆட்டங்களிலேயே கடினமானது இதுதான் என்பதில் நம்மில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இந்த நேரம் பார்த்து, தற்காப்பின் நடுவில் நிற்பவருக்குக் கணுக்காலில் காயம், மத்தியத் திடலில் பந்தைப் பிடித்து ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பவருக்கு முட்டியில் காயம், முன்வரிசையில் ஓடுபவருக்குப் பின்தொடைத் தசையில் காயம் என்று செய்தி மேல் செய்தியாக வந்துகொண்டிருக்கிறது. கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கவலை கடந்த சில நாள்களாக நம் வாட்ஸ்அப் குழுக்களிலும், பட்டர்வொர்த் ஃபெரியிலும், ஆட்டம் பார்க்கக் கூடும் மாமாக் கடைகளிலும் ஒரே கோரிக்கையாக மாறிவிட்டது: "எப்படியாச்சும் எறக்குங்க, ஊசி போட்டாவது எறக்குங்க, இந்த ஒரு கேம் மட்டும்." அந்தக் கோரிக்கையைக் கைவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் பேருந்துக்குப் போகும் வாயிலருகே கூட்டத்தோடு நானும் நின்றிருந்தேன். நம் முன்வரிசை ஆட்டக்காரர் கடைசியாக வந்தார். கால்சட்டையின் ஒரு பக்கம் மேலே சுருட்டப்பட்டிருந்தது. தொடையின் பின்புறம் பனிக்கட்டிப் பையை வைத்து, சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருந்தார்கள். உருகிய நீர் கெண்டைக்கால் வழியே வழிந்து செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. பேருந்தின் படியில் நல்ல காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து, மற்றக் காலை மெல்ல இழுத்து ஏற்றினார். என் பக்கத்தில், தோளில் குழந்தையைத் தூக்கிவைத்திருந்த ஒருவர், "மிங்கு டெபான் மெஸ்தி மாயின்!" என்று உரக்கக் கத்தினார். அடுத்த வாரம் கட்டாயம் ஆட வேண்டுமாம். ஆட்டக்காரர் திரும்பிப் பார்த்தார், சிரித்தார், வருகிறேன் என்பதுபோல் கையை உயர்த்தினார். கூட்டம் கைதட்டியது.

அந்தக் கை உயர்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆட்டக்காரரிடம் கேட்டால் அவர் ஆடுகிறேன் என்றுதான் சொல்வார். சிறு வயதிலிருந்து ஆடுவதற்காகவே வளர்ந்தவர் அவர். ஒப்பந்தம் எப்போது முடிகிறது, தன் இடத்தில் ஆட யார் காத்திருக்கிறார் என்ற கணக்கெல்லாம் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சொந்த ஊர்க் கூட்டம் பெயரைச் சொல்லி அழைக்கும்போது முடியாது என்று சொல்லும் தெம்பை இருபத்துச் சொச்சம் வயதுள்ள ஒருவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே அழைக்காமல் இருக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

பின்தொடைத் தசைக் காயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் பேச்சில் அது ஏதோ சாதாரணச் சுளுக்கு போலப் புழங்குகிறது. தொடையின் பின்புறம் இருக்கும் அந்தத் தசைத் தொகுதி இடுப்பையும் முட்டியையும் ஒருசேர ஆள்கிறது. ஒருவர் முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசப்பட்ட கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே காலை இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மிகப் பெரிய பாரம் அந்த ஒரு கணத்தில்தான் அதன் மேல் விழுகிறது. பெரும்பாலும் அப்போதுதான் அது கிழிகிறது. இலேசான கிழிசல் என்றால் இரண்டு மூன்று வாரங்களில் ஆறலாம். நடுத்தரமானது என்றால் ஒரு மாதத்துக்கும் மேலாகும். முழுதாக அறுந்துவிட்டால் பல மாதங்கள் போய்விடும். இதில் நம்மை ஏமாற்றுவது என்னவென்றால், வலி முதலில் போய்விடுகிறது, வலிமை பிறகுதான் வருகிறது. நடக்கலாம், மெதுவாக ஓடலாம், பயிற்சியில் பந்தை இங்குமங்கும் தட்டலாம், எல்லாம் சரியாகிவிட்டதுபோலவே இருக்கும். ஆனால் ஜொகூரின் பக்கவாட்டுத் தற்காப்பாளரோடு போட்டியிட்டு நாற்பது மீட்டர் பாய வேண்டிய வேளையில்தான் அந்தத் தசையின் உண்மை நிலை தெரியவரும். திரும்பி ஆட வந்த முதல் சில வாரங்களில்தான் அது மறுபடியும் கிழியும் ஆபத்து அதிகம் என்பதும், இரண்டாம் முறை கிழிந்தால் முதல் முறையைவிட அதிக நாள் வெளியே உட்கார வேண்டியிருக்கும் என்பதும் விளையாட்டு மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கண்டறிந்து சொல்லிவருபவை.

ஊசி போடச் சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வலி மரத்துப்போக ஊசி போடலாம். கிழிந்த தசை அதனால் ஒட்டிக்கொள்வதில்லை. இதற்கு மேல் ஓடாதே என்று சொல்ல உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வலிதான். அதையும் அடைத்துவிட்டு ஒருவரை முழு வேகத்தில் ஓடச் சொல்வது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் இரண்டே நாளில் சரியாகிவிடும் என்று அனுபவசாலிகள் சிலர் அன்போடு சொல்கிறார்கள். அந்த அன்பை மதிக்கிறேன். ஆயினும், தசை கிழிந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் அழுத்தி நீவினால் உள்ளே இரத்தக் கசிவு கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தாமான் (குடியிருப்பு) அணிகளை நடத்தும் அண்ணன்மார்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும், ஏனென்றால் வலியை மறைத்துக்கொண்டு ஆடுவதே வீரம் என்ற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

முட்டியைப் பற்றி நாம் ஊகிக்கவே கூடாது. முட்டியின் நடுவில் குறுக்காக ஓடும் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஒன்பது மாதம் ஆவதற்குள் திரும்பி ஆடினால் மீண்டும் காயப்படும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. நம் ஆட்டக்காரரின் காயம் அந்த அளவுக்கு இல்லாமல் இருக்கட்டும் என்றே வேண்டிக்கொள்கிறேன். அது எந்த வகைக் காயம், எத்தனை நாளாகும் என்பதை அவரைச் சோதித்த மருத்துவர் முடிவு செய்யட்டும்.

முழுமையாகத் தேறாதவரை இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் எல்லோரும் நள்ளிரவில் விழித்திருந்து பார்த்த ஆட்டங்களே சாட்சி. 2014 மே 24 அன்று லிஸ்பனில் நடந்த ஐரோப்பிய வெற்றியாளர் லீக் இறுதியாட்டத்தில், தொடைக் காயத்திலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்த டியகோ கோஸ்டாவை அத்லெடிகோ மாட்ரிட் முதல் பதினொருவரில் இறக்கியது. ஒன்பதாவது நிமிடத்தில் அவர் வெளியேறினார். மூன்று மாற்று ஆட்டக்காரர்களை மட்டுமே இறக்க அனுமதி இருந்த அந்தக் காலத்தில், ஒரு வாய்ப்பு அப்போதே கைநழுவியது. தொண்ணூறு நிமிடம் தாண்டியும் முன்னணியில் இருந்த அத்லெடிகோ, 93ஆவது நிமிடத்தில் ரியால் மாட்ரிட்டின் ராமோஸ் தலையால் முட்டிய கோலுக்குப் பிறகு கூடுதல் நேரத்தில் களைத்துத் தடுமாறி, 4-1 என்று தோற்றது. 2019இல் அதே லீக்கில் டோட்டன்ஹாம் அணிக்கும் இதுபோன்ற சிக்கல் வந்தது. ஹேரி கேன் ஏப்ரலில் கணுக்காலில் அடிபட்டு வெளியே இருந்தார். அவர் இல்லாமலேயே ஆம்ஸ்டர்டாமில் லூக்காஸ் மோரா பிற்பாதியில் மூன்று கோல் போட்டு, கடைசி நொடிகளில் அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஜூன் 1 அன்று மாட்ரிட்டில் அதே மோரா வெளியே உட்கார்ந்திருக்க, ஏறக்குறைய இரண்டு மாதம் ஆடாத கேன் தொடக்கத்திலிருந்தே ஆடினார். லிவர்பூல் 2-0 என்று வென்றது. கேன் ஆடியதால் மட்டுமே தோற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கால் சூடாக இருந்தவரை உட்கார வைத்துவிட்டுப் பெயர் பெரிதாக இருந்தவரை இறக்கிய முடிவு சரியில்லை என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அதே ஆண்டு மே 7 அன்று ஆன்ஃபீல்டில் நடந்ததை லிவர்பூல் ஆதரவாளர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அரையிறுதியின் முதல் சுற்றில் பார்சலோனாவிடம் 3-0 என்று தோற்றுவிட்டு, மறு சுற்றுக்கு முன்வரிசையின் சாலாவும் இல்லை, ஃபிர்மினோவும் இல்லை. சாலாவுக்குத் தலையில் அடிபட்டிருந்தது. மருத்துவ விதிப்படி அவரை வெளியே உட்கார வைத்தார்கள், அவரும் உட்கார்ந்தார். அந்த இடத்தில் மாற்று ஆட்டக்காரராகவே அறியப்பட்டிருந்த ஒரிகி ஆடினார். முற்பாதியில் ராபர்ட்சனும் காயப்பட, இடைவேளைக்குப் பின் அவருக்குப் பதிலாக வந்த வைனால்டம் இரண்டே நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டார். ஒரிகி தன் பங்குக்கு இரண்டு. 4-0. அன்று ஆடியவர்கள் ஆட உடல் தகுதி உள்ளவர்கள். அரங்கமும் இல்லாதவர்களை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்காமல் இருந்தவர்களுக்காகக் கத்தியது.

இதையெல்லாம் சொல்வதால் வரும் வாரம் நாமும் வென்றுவிடுவோம் என்று உங்களுக்கு ஆசை காட்டவில்லை. 2014 முதல், மலேசியாவின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கின் கிண்ணத்தை வேறெவருக்கும் விட்டுக்கொடுக்காத அணி ஜொகூர். 2015இல் ஆசியக் காற்பந்துக் கழகங்களுக்கான ஏஎஃப்சி கிண்ணத்தை வென்று, அதை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி என்ற பெயரையும் பெற்றது. அவர்களுடைய மாற்று ஆட்டக்காரர் வரிசையில் தேசிய அணிக்கு ஆடியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை வெல்லவே முடியாது என்பதும் கிடையாது. 2021 நவம்பர் 30 அன்று புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் கோலாலம்பூர் சிட்டி அணி, சாஃப்ரி யாஹ்யா, பவுலோ ஜொசுவே ஆகியோரின் கோல்களால் அவர்களை 2-0 என்று வென்று, 1989க்குப் பிறகு முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. எவரும் எதிர்பார்க்காத வெற்றி அது. ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், காயமுற்ற நம் ஆட்டக்காரர்கள் மூவரும் இல்லாத நிலையில் நாம் தோற்கும் வாய்ப்பே அதிகம். மூவரும் அரைகுறையாகத் தேறி வந்து ஆடினாலும் அந்த வாய்ப்பு பெரிதாகக் குறைந்துவிடாது என்பதே என் கணிப்பு.

குறையாத ஒன்றுக்காக நாம் எதைப் பணயம் வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஜொகூரை வென்றாலும் மூன்று புள்ளி, பட்டியலில் நமக்கு அருகில் இருக்கும் அணியை வென்றாலும் அதே மூன்று புள்ளி. இந்த ஓர் ஆட்டத்தில் தசை மறுபடி கிழிந்தால், அடுத்து வரும், நாம் வெல்லக்கூடிய ஐந்தாறு ஆட்டங்களிலும் அவர் இருக்க மாட்டார். ஒரு பருவம் எவ்வளவு விரைவில் கை மீறிப் போகும் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். 2020இல் இரண்டாம்நிலை லீக்கான மலேசியப் பிரீமியர் லீக்கை வென்று மேலே வந்து, 2021இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்த நம் அணி, அதற்கடுத்த ஆண்டே பட்டியலின் அடியில் கிடந்தது. மலேசியக் கிண்ணம் 1974க்குப் பிறகு நம் மாநிலத்துக்கு வரவில்லை. முதல்நிலை லீக் கிண்ணம் 2001க்குப் பிறகு வரவில்லை. இத்தனை காலம் காத்திருந்த நாம் ஓர் ஆட்டக்காரரின் தொடை ஆறுவதற்குச் சில வாரம் காத்திருக்க முடியாதா?

காயமுற்றவர்களின் இடத்தில் யார் ஆடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். எம்எஃப்எல் கிண்ணத்தில் ஆடும் நம் இளையோர் அணியை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. கூட்டம் குறைவாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து ஓர் இளைஞரோ இருவரோ வரும் வாரம் மேலே வரலாம். அப்படி வருபவர் முதல் பத்து நிமிடத்தில் பந்தைத் தவறாகக் கொடுப்பார். கொடுத்தே தீருவார். ஜொகூரின் நெருக்குதலில் அனுபவசாலிகளே தவறு செய்கிறார்கள். அப்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மீதி எண்பது நிமிடமும் அவர் பந்தைக் கேட்டு வாங்குவாரா, பந்து தன் பக்கம் வராமல் இருக்க ஒதுங்கி நிற்பாரா என்பது தீரும். டத்தோ கெராமாட் சாலையோரம் இருக்கும் நம் அரங்கின் சத்தத்தை ஊரெல்லாம் கெராமாட் முழக்கம் என்று பெருமையாகச் சொல்கிறது. வருகின்ற அணிகளை மிரட்டிய அதே முழக்கம் நம் பிள்ளைகள் மேலேயே திரும்பியதையும் நான் கேட்டிருக்கிறேன். அப்போது அந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்தபடியே ஓடினார். அதன் பிறகு அவர் முன்னோக்கி ஒரு பந்தும் கொடுக்கவில்லை.

நம்மவரான பயிற்றுநர் கே. ராஜகோபால் 2010இல் தேசிய அணியை வைத்து என்ன செய்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஹரிமாவ் மூடா என்ற தேசிய இளையோர் அணியில் வளர்ந்த இளைஞர்களைப் பெருமளவில் கொண்ட அந்த அணி, தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று நொறுங்கியது. மாற்றுங்கள், நீக்குங்கள் என்று கத்துவதற்கு அதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. அவர் பிள்ளைகளைக் கைவிடவில்லை. அதே மாத இறுதியில் புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தத்தில் 4-2 என்ற கணக்கில் அந்தக் கிண்ணத்தை முதல் முறையாக மலேசியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் சிட்டி ஸ்டேடியத்திலும் எதிர்பாராதது நடக்கத்தான் செய்கிறது. 2016 பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி உதைத்த ஃப்ரீ கிக் காற்றில் திசை மாறிப் போய் வலைக்குள் விழுந்ததையும், மறு ஆண்டு ஜனவரியில் சூரிக்கில் அவர் ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதை வாங்கியதையும் யாரால் மறக்க முடியும்? அந்த உதைக்கு முன்பு அவரை உலகம் அறிந்திருக்கவில்லை.

அணி நிர்வாகத்தினருக்கும் இந்த மடலின் வழியே பணிவான ஒரு வேண்டுகோள். யாருக்கு எந்த இடத்தில் காயம், குறைந்தது எத்தனை வாரம் ஆடமாட்டார் என்பதை, ஆட்டக்காரரின் சம்மதத்தோடு, சுருக்கமாக அறிவித்துவிடுங்கள். அறிவிப்பு இல்லாத இடத்தில் வதந்தி நுழைகிறது. வதந்தி நுழைந்தால், நடிக்கிறார், சம்பளத்துக்காகப் படுத்திருக்கிறார் என்ற பேச்சு கிளம்புகிறது. எதிரணிக்குத் தகவல் போய்விடும் என்று நீங்கள் தயங்கலாம். எவர் பயிற்சிக்கு வருகிறார், எவர் வரவில்லை என்பது ஜொகூருக்கு நமக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இனி ஆட்ட நாளுக்கு வருவோம். இப்போது ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்பது இரு தரப்புக்கும் பொதுவான விதி என்றாலும், ஆள் பலம் உள்ள அணிக்கே அது அதிகம் உதவுகிறது. எழுபதாவது நிமிடத்தில் அவர்கள் புதிய கால்களோடு வருவார்கள். நம் ஆட்டக்காரர்களுக்கு அந்நேரம் இந்த ஊர்ப் புழுக்கத்தில் சட்டை உடலோடு ஒட்டிக்கொண்டு, மூச்சு வாங்கும். நம் குரல் உண்மையிலேயே தேவைப்படுவது அப்போதுதான். முற்பாதியிலேயே தொண்டையைத் தீர்த்துவிட்டு, ஒரு கோல் பின்தங்கியதும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மூவரும் ஆடவில்லை என்று தெரிந்ததும் வாங்கிய டிக்கெட்டை விற்கக் கிளம்பாதீர்கள். அக்கரையிலிருந்து வருவோர் ஃபெரி நேரத்தைப் பார்த்துக் கொஞ்சம் முன்பாகவே புறப்படுங்கள், ஏனென்றால் ஆட்டக்காரர்கள் உடலைச் சூடேற்ற வெளியே வரும்போதே இருக்கைகள் நிறைந்திருக்க வேண்டும். பெயர்களை வாசிக்கும்போது பதினொரு பெயருக்கும் ஒரே அளவில் "ஹரியா பினாங்" என்று குரல் எழுப்புங்கள். முதல் முறையாக ஆடுபவரின் பெயருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் தவறில்லை. காயமுற்ற மூவரும் வந்து உட்கார்ந்திருந்தால் கைதட்டுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், நலம் விசாரியுங்கள், எப்போது திரும்பி வருவாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களுடைய சமூக ஊடகப் பக்கங்களில் இந்த வாரம் நீங்கள் எழுதியவற்றை ஒரு முறை படித்துப் பார்த்து, நீக்க வேண்டியவற்றை இன்றே நீக்கிவிடுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்தில் வாழும் பினாங்கு அணி ஆதரவாளர் ஒருவர்